ஆறாவது படியில் கேட்டது

என் கணவரின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்னது 2023 ஏப்ரலில், புனித வாரத்தில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தூத்துக்குடியில் எங்களைப் போல் படகில் வேலை பார்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் அந்த இரண்டு மாதங்களையும் கையிருப்பிலும் கடனிலும்தான் ஓட்டுகின்றன. எங்கள் கையிருப்போ தடைக்காலம் தொடங்கும் முன்பே ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைகளுக்கும் கரைந்துவிட்டது.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்க ஆலயத்தைச் சேர்ந்த பகுதியில், உள்ள குடும்பங்கள் அன்பியங்கள் என்ற சிறு ஜெபக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் சேர்த்து 27 வீடுகள் ஓர் அன்பியம். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டில் கூடுவோம். பல ஆண்டுகளாக நான் அதில் இருந்தேன் என்றாலும், கூட்டத்திற்குப் போவது, மன்றாட்டில் ஒரு வரி சொல்வது, தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவது என்ற அளவில்தான் இருந்தேன். நோய் வந்த பிறகு இரண்டு கூட்டங்களில், "என் கணவர் உடல்நலத்திற்காக" என்று மட்டும் மன்றாடினேன். எல்லோரும் உண்மையாகவே ஜெபித்தார்கள். ஆனால் டயாலிசிஸ் வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பதும், நான் மீன் கம்பெனி வேலைக்குப் போக முடியாமல் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் பணம் கேட்பதாக நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம்.

நாங்கள் நற்செய்தியை வாசிப்பது ஏழு படி முறையில். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து பரவிய முறை அது. ஆண்டவரை அழைத்து, பகுதியை வாசித்து, மனத்தில் தைத்த சொற்களை மும்முறை நிறுத்தி நிறுத்திச் சொல்லி, மௌனம் காத்து, பகிர்ந்த பிறகு, ஆறாவதாக ஒரு படி வரும்: நாம் செய்ய வேண்டிய பணி என்ன என்று பேசுவது. பெரும்பாலும் சுரூபம் வைத்திருக்கும் சிறு கோவிலான கெபியைச் சுத்தம் செய்வது, திருவிழா வரி சேர்ப்பது என்று அது சீக்கிரமே முடிந்துவிடும்.

ஜூன் மாதக் கூட்டத்தில் வாசித்தது முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்துவந்து கூரை வழியாக இறக்கும் பகுதி. எழுத்துக்கூட்டவும் தெரியாத ஒரு பாட்டி, காதால் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, "கூரையை உடைத்து" என்று கண்களை மூடி மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை அவர் குரல் கம்மியது. ஆறாவது படி வந்தபோது, நான் திட்டமிடாமலே, எனக்குப் பணம் வேண்டாம், செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மருத்துவமனையில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வலை பின்னும் ஒரு தம்பி உடனே, "இதுக்கா மைனி இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்திய? சனிக்கிழம நான் போறேன்" என்றார். அன்றிரவே ஒரு பள்ளி நோட்டில் பெயர்கள் எழுதப்பட்டன. அடுத்த வாரமே நான் வேலைக்குத் திரும்பினேன்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தேவையை நாளும் நேரமுமாகச் சொல்லுங்கள். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னால், அன்புள்ளவர்களுக்கும் எங்கே கை கொடுப்பது என்று தெரிவதில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை என்பது தெரிந்ததும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றிலிருந்து ஆட்சியர் அலுவலகத்தில் புகைப்படம் எடுப்பது வரை என்னோடு வந்தார். அந்த அட்டை இல்லாமல் முதல் இரண்டு மாதங்கள் நான் வாங்கிய கடனை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அன்பு மட்டும் போதாத இடங்களும் உண்டு. ஒரு அக்கா ஆசையோடு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்பதை அவருக்கு விளக்கியபோது அழுதுவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும் காய்கறி வேகவைத்து நீரை வடித்ததாகவே வந்தது. கருவாடு வரவே இல்லை. விசுவாசம் குறைந்ததால் வந்த நோய் என்று வேறு ஒருவர் சொன்னது பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பதில் சொன்னது நான் அல்ல, அந்தப் பாட்டிதான்: சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையைப் பார்த்துத்தானே ஆண்டவர் பேசினார் என்று கேட்டார்.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்துலா போட்டு, அது முதிர்ந்து, அதுவரை டயாலிசிஸுக்காக வைத்திருந்த கழுத்துக் குழாயை எடுத்த பிறகு என் கணவர் தனியாகவே பேருந்தில் போய்வருகிறார். சனிக்கிழமைகளில் மட்டும் அந்தத் தம்பி இன்னும் வருகிறார். வலை ஊசியும் நூலும் அவரோடு வருகின்றன. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஓர் அம்மாவுக்காக அதில் புதிய பக்கம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். புதன்கிழமை காலையில் என் பெயர் இருக்கிறது.