கையைக் கட்டினால் திமிரா? கவுன்சிலிங் தேடி அலைந்த கதை

கணவன் மனைவி கவுன்சிலிங் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உட்காரும் விதத்தைப் பார்த்து உங்கள் குணத்துக்குத் தீர்ப்பு எழுதுகிற ஆளிடம் போகாதீர்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அங்கே கட்டிய பணத்தைக்கூட மறந்துவிடுவேன். அங்கிருந்து வீடு திரும்பிய பிறகு நடந்த சண்டையை மறக்க முடியவில்லை.

நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். எனக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை, மாதத்தில் பாதி நைட் ஷிஃப்ட். வீட்டில் பணப் பேச்சு எழுந்தால் மனைவியின் குரல் ஏறும், எனக்கு வாய் அடைத்துவிடும். காது சூடாகும், விரல் நடுங்கும், சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நின்றுவிடும். "இன்னா கேட்டாலும் செவுரு மாதிரி நிக்கிறீங்களே" என்று அழுவாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அந்த முதல் இடம் ஒரு தனியார் மையம். வரவேற்பில் இருந்தவர், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், "என்ன பிரச்சனை? சந்தேகமா, குடியா?" என்று சத்தமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். என் மனைவிக்கு முகம் செத்துப்போனது. உள்ளே ஏசி குளிர். விரல் நடுக்கம் தெரியக் கூடாது என்று கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டேன். அந்த கவுன்சிலர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் பக்கம் திரும்பி, "பாருங்கம்மா, கையைக் கட்டிட்டாரு. மனசை மூடி வச்சிருக்காருன்னு அர்த்தம். கண்ணைப் பாத்தும் பேசல. உங்க மேல மரியாதை இல்ல" என்றார். பின்னால் சுவரில், பேச்சில் 7 சதவீதம்தான் வார்த்தை, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று ஒரு பெரிய படம்.

அதன் பிறகு வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் "படிச்சவங்களே சொல்லிட்டாங்க, உங்களுக்குத் திமிருன்னு" என்பதில் போய் முடியும்.

அந்த 93 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். ஒற்றை வார்த்தையை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, முகப் படங்களோடு சேர்த்துக் காட்டி, சொல்கிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டுச் செய்தவை. உணர்ச்சியைக் காட்டும் பேச்சுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை எல்லாப் பேச்சுக்கும் பொருத்திச் சுவரில் மாட்டுவது, அதை வைத்து ஒரு குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்வது, இரண்டுமே அநியாயம். குளிரில் கை கட்டுபவர், பயத்தில் கை கட்டுபவர், சும்மா பழக்கத்தில் கட்டுபவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கேட்டால்தானே தெரியும்?

அடுத்து ஒரு அரசு மருத்துவமனை. நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் நேராகப் போய் ஓபி சீட்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, "ரெண்டு பேரும் வரணும், அதுவும் வேற கிழமை" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார் சீட்டு கொடுப்பவர். வெளியே எந்தப் பலகையிலும் அது இல்லை. அன்று சம்பளமும் போச்சு, தூக்கமும் போச்சு. போவதற்கு முன் எந்தக் கிழமை, யார் வர வேண்டும் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழி காட்டியது 14416. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். யார்டில் இடைவேளையில் கூப்பிட்டேன். எடுத்தவர் அவசரப்படாமல் கேட்டார். மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் மனநலம் படித்த டாக்டர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள் என்றார். முதல் மையத்தில் இருந்தவரிடம் இது எதையும் நாங்கள் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. நெஞ்சு படபடப்பு இருந்தால் முதலில் பிரஷர், தைராய்டு, ரத்தசோகை பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னார். பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு கிடைத்த உளவியலாளர் அம்மா என் கையைப் பார்த்தார், ஆனால் அர்த்தம் சொல்லவில்லை. "குளிருதா? ஏசியைக் குறைக்கட்டுமா?" என்று கேட்டார். அப்போதே எனக்குப் பாதி இறுக்கம் விட்டது. மேசையிலிருந்து, கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கினோமே, அந்த ஆக்சிமீட்டரை எடுத்து என் விரலில் மாட்டினார். நாடித் துடிப்பு 78. "இப்ப வீட்டுல பேசுற மாதிரியே பணத்தைப் பத்திப் பேசுங்கம்மா" என்று மனைவியிடம் சொன்னார். அவள் பேசப் பேச எண் ஏறியது. 96, 104, 112. என் முகத்தில் ஒன்றுமே இல்லை என்பது எதிரே இருந்த கண்ணாடியில் எனக்கே தெரிந்தது.

மனைவி பேச்சை நிறுத்திவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ நாளா உள்ள இப்படியா அடிச்சிக்கிச்சி?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைத்தான் அவள் வாயிலிருந்து கேட்க நான் ஆசைப்பட்டிருக்கிறேன்.

ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், தம்பதிகளின் உடம்பில் கருவிகளை மாட்டிவிட்டுச் சண்டையைப் பற்றிப் பேசவைத்துப் பல வருடம் பார்த்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார். கல்லாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பலருக்கு உள்ளே இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய நிலையில் எதிரே இருப்பவர் சொல்வது சரியாக ஏறாது, பதிலும் வராது. பதட்டத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் இறங்க நேரம் வேண்டும், குறைந்தது 20 நிமிடம்.

என் மனைவி பக்க நியாயத்தையும் அவர் விடவில்லை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த ஒரு சோதனையைச் சொன்னார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, கத்துகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. "வளர்ந்தவங்களுக்கும் எதிர்ல இருக்கிற முகம் செத்துப்போனா பதறும். அந்தப் பதட்டத்துலதான் இவங்க குரல் ஏறுது. அதைக் கேட்டு நீங்க இன்னும் உறைஞ்சு போறீங்க." யார் மேலும் குற்றம் சொல்லாமல் எங்கள் வீட்டுச் சண்டையை முழுசாக விளக்கிய முதல் ஆள் அவர்தான்.

ஆனால் "20 நிமிஷம் வேற ரூமுக்குப் போயிடுங்க" என்பது எங்கள் வீடு மாதிரி சின்ன வீடுகளுக்குச் சரிப்படாது. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அம்மா, பிள்ளை. மாடிக்குப் போனால் கீழ்வீட்டுக்காரர்கள் "கோச்சிக்கினு போறான்" என்பார்கள். மனைவிக்கும் நான் கதவைத் தாண்டினாலே, விட்டுவிட்டுப் போகிறேன் என்று வயிற்றைக் கலக்கும். பேசிப் பேசி ஒரு முறைக்கு வந்தோம். எழுந்திருக்கும் முன் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்ல வேண்டும். என் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், இதில் தவறினால் எல்லாம் வீண். மாடியில் நின்று அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று யோசிக்கவும் கூடாது, யோசித்தால் துடிப்பு இறங்காது. என் அம்மாவுக்கும் இதைச் சொல்லி வைத்தோம். இல்லாவிட்டால் அவர் மாடிப்படியிலேயே சமாதானத்துக்கு வந்து நிற்பார்.

மாடியில் நான் செய்வது ஒன்றுதான், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது. இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதை மெதுவாக்கும். இதற்குக் காசு கட்டி வகுப்பு தேவையில்லை. வேகஸ் நரம்பை ஒரே வாரத்தில் ரீசெட் செய்கிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அவர்கள் பெரிதாகக் காட்டும் பாலிவேகல் கோட்பாடு, அதாவது வேகஸ் நரம்பையும் நம் உணர்ச்சிகளையும் இணைத்துச் சொல்லும் கோட்பாடு, ஸ்டீபன் போர்ஜஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-இல் முன்வைத்தது. அதன் உடலியல் அடிப்படையையே கேள்வி கேட்கும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

கஷ்டமான பேச்சை நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதையும் விட்டுவிட்டோம். மெட்ரோ பிடித்துத் திருவொற்றியூர் போய், வடிவுடையம்மன் கோவில் பிரகாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தபடி பேசுகிறோம். முகத்தை முகம் பார்க்கத் தேவையில்லாததால் எனக்கு வார்த்தை வருகிறது. பௌர்ணமி அன்று மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் நிற்கவே முடியாது. நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பதும் இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இந்த 20 நிமிடக் கணக்கு உதவாது. அங்கே பெண்கள் கூப்பிட வேண்டியது 181.

போன வாரம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைப் பேசி முடித்தோம். நடுவில் ஒருமுறை மாடிக்குப் போய் வந்தேன். இரண்டு தவணையாகக் கட்டுவது என்று முடிவு. அடுத்து அவள் தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு செய்வது என்ற பேச்சு இருக்கிறது. அதை ஒரே நாளில் முடிக்க வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்.