வயிற்றைக் குறைத்தார்கள், வாயை விட்டுவிட்டார்கள்

இருமல் மருந்து பாட்டிலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வருமே, 5, 10, 15 என்று கோடு போட்டது, எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் அதில்தான் தண்ணீர் குடித்தேன். 15 மில்லி. அதையும் ஒரே மடக்காகக் குடிக்க முடியாது. நாக்கை நனைத்து, விழுங்கி, உள்ளே இறங்கியதா என்று காத்திருந்து, மறுபடி நாக்கை நனைக்க வேண்டும். ஒரு மூடி முடிவதற்குள் டிவியில் ஒரு விளம்பர இடைவேளை வந்து போய்விடும். அதற்கு முந்தைய மாதம் வரை அரிசிம்பருப்பு சாதத்தைத் தட்டில் அளந்து போட்டுக்கொள்ளாமல் குண்டாவோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டவள் நான்.

கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். 2022 பிப்ரவரியில் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டபோது வயது 38, உயரம் 160 சென்டிமீட்டர். அதற்குத் தயாராகத் தொடங்கும் முன் எடை 118 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 46. சுகர் ஏழு வருடமாக இருந்தது, மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.4. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். என் வீட்டுக்காரர் குறட்டைக்குப் பயப்படமாட்டார், குறட்டை நின்றால்தான் பயந்து எழுந்து என்னை உலுக்குவார். அதற்கு ஒரு மெஷின் வாங்கி முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்கினேன். கொள்ளு ரசம், ராத்திரி சப்பாத்தி, பேலியோ, விடியற்காலை நடை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. எட்டு கிலோ குறையும், பதினொன்று ஏறும்.

கோயம்புத்தூர் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பை மாதிரி இருக்கிற இரைப்பையை நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். முக்கால் பங்குக்கு மேல் வெளியே போய்விடும். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். வெட்டும்போது அதுவும் சேர்ந்து போவதால் பசியே கொஞ்ச நாள் மந்தமாகிவிடும். போனது திரும்ப வராது, இது பெல்ட் போட்டுக் கழற்றுகிற விஷயம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. மறைத்துப் பேசவில்லை.

வீட்டில்தான் சண்டை. "நல்லா இருக்கற வயித்த எதுக்கு சாமி அறுத்துக்கோணும்?" என்று அத்தை அழுதார். இந்த அத்தை என் மாமியார். எங்கள் வீட்டில் சமையல் அவர் கையில்தான், அதனால் இந்தக் கதையில் அவர் அடிக்கடி வருவார்.

செலவு அப்போது நாலு லட்சத்துக்குப் பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் இது அழகுக்காகச் செய்வது என்று திருப்பி அனுப்பியது. இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்க்கிற ஐஆர்டிஏஐ 2019-ல் கொண்டுவந்த விதிமுறை வேறு சொன்னது. டாக்டர் பரிந்துரை இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லை 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு மாதிரி ஏதாவது சேர்ந்திருக்க வேண்டும், மற்ற வழிகள் தோற்றிருக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவளிடம் காகிதம் விஷயத்தில் மோதக் கூடாது. தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட், ஐந்து வருட சுகர் ரிப்போர்ட், டயட்டீஷியனிடம் போன ரசீது எல்லாம் தேதிவாரியாக அடுக்கி மறுபடி அனுப்பினேன். ஆறு வாரம் இழுத்துவிட்டுப் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். பாலிசியில் இதற்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். என்னுடையது பழைய பாலிசி, அதனால் தப்பித்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் புரோட்டீன் பவுடர், மோர், சூப் மட்டும். கொழுப்பு படிந்த கல்லீரல் இரைப்பையின் மேல் குடை மாதிரி கவிந்திருக்குமாம், அது சுருங்கினால்தான் கேமராவை உள்ளே விட்டு வேலை செய்ய இடம் கிடைக்கும். அந்த இரண்டு வாரம்தான் மொத்தத்திலும் கொடுமை. வெட்டாத வயிறு, முழுப் பசி. ஐந்து கிலோ அதிலேயே போனது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நான் தூங்கினேன். ஐந்து துளைகள். விழித்தபோது வயிற்றைவிட இடது தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு அப்படிக் குத்தும் என்றார்கள். அன்று சாயங்காலமே பிடித்து நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னார்கள். இரண்டு பந்துதான் எழும்பியது. ராத்திரி முழுக்க நர்ஸ் வந்து நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தையல் போட்ட இடத்தில் கசிவு இருந்தால் காய்ச்சலுக்கும் முன்னால் நாடிதான் ஓடுமாம். வீட்டுக்கு அனுப்பும்போதும் அதையே சொன்னார்கள்: படபடப்பு, காய்ச்சல், விடாத வயிற்றுவலி, இதில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் கிளம்பி வரணும்.

அப்புறம் வீடு. முதல் இரண்டு வாரம் தெளிந்த ரசம், இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரோட்டீன் கரைத்த மோர். அடுத்த இரண்டு வாரம் மிக்ஸியில் அடித்த எல்லாம். பச்சைப்பயறு கடைசலைக் கூழாக்கி மூன்று டீஸ்பூன் சாப்பிட்டபோது அதன் ருசி தொண்டை வரைக்கும் தெரிந்தது, பொய் சொல்லவில்லை, கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது வாரம் குழைந்த சோறு, முட்டை, மீன்.

முட்டையில்தான் மாட்டினேன். ஆறாவது வாரம், அலுவலகத்துக்குக் கிளம்புகிற அவசரம். அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை நாலு கடியில் முடித்துவிட்டு எழுந்தேன். படி இறங்குவதற்குள் நெஞ்சுக்கு நடுவில் ஒரு கல் உட்கார்ந்தது. கீழேயும் போகாது, மேலேயும் வராது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறியது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன், சோப்பு நுரை மாதிரி துப்பிக்கொண்டே. தண்ணீர் குடித்தால் தள்ளிவிடும் என்று அத்தை செம்பைக் கொண்டுவந்தார். குடித்தேன், அந்தத் தண்ணீர் முட்டையின் மேல் நின்றது. கடைசியில் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. அன்றைக்குப் புரிந்தது, சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான் குடிக்கணும் என்று ஏன் தலைப்பாடாகச் சொன்னார்கள் என்று. ஒரு வாய்க்கு இருபது முப்பது முறை மெல்லணும். எங்கள் ஊரில் அப்படிச் சாப்பிட்டால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் அந்த மாதங்களில் கண்டுபிடித்தேன். வயிறு நிறைவது இப்போது வயிற்றில் தெரிவதில்லை, மூக்கில் தெரிகிறது. ஐந்தாறு வாய் ஆனதும் மூக்கு ஒழுகும். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் விக்கல். அதற்கும் மேல் வைத்தால் வாஷ்பேசின். டாக்டரிடம் கூச்சத்தோடு சொன்னேன், நிறையப் பேருக்கு அப்படித்தான் என்று சிரித்தார். சிலருக்குத் தும்மல் வருமாம்.

எடைக் கணக்கு இது: ஆபரேஷன் அன்று 113. முதல் மாத முடிவில் 104. நடுவில் மூன்றாவது வாரம் தொடங்கி பன்னிரண்டு நாள் ஒரு கிராம்கூட அசையவில்லை, கூழும் மோரும்தான் உள்ளே போகிறது, எடை மெஷின் கெட்டுவிட்டது என்று மளிகைக் கடைத் தராசு வரைக்கும் போனேன். கிட்டத்தட்ட எல்லோருக்கும் அந்தச் சமயத்தில் நிற்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆறாவது மாதம் 89. ஒரு வருடத்தில் 79. பதினாறாவது மாதம் 76, அதுதான் தரை. இன்றைக்கு மூன்றரை வருடம் கழித்து 80.

சுகர் மாத்திரைகளில் ஒன்று முதல் வாரத்திலேயே நின்றது, இன்னொன்று பாதியானது. சராசரி இப்போது 5.9. முகமூடி மெஷின் பத்தாவது மாதம் பரணுக்குப் போனது. கீழே விழுந்த பேனாவை நாற்காலியில் இருந்தபடியே குனிந்து எடுத்த அன்று, அதை மறுபடி போட்டு மறுபடி எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

நாலாவது மாதம் முடி கொட்டியது. கொட்டியது என்றால், குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை அடைக்கிற அளவுக்கு. உடம்பு அதிர்ச்சியில் இருக்கும்போது முடிகள் மொத்தமாக ஓய்வுக்குப் போய் சில மாதம் கழித்து உதிரும், திரும்ப முளைக்கும் என்று விளக்கினார்கள். எட்டாவது மாதம் நெற்றி ஓரத்தில் குழந்தை முடி மாதிரி குத்திட்டு நின்றது. புரோட்டீன் நாளைக்கு 60 கிராமாவது போகணும் என்பது இதற்கும் சேர்த்துத்தான். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, ஐந்து வாயில் நிறைகிற வயிற்றில் 60 கிராமை எங்கே வைப்பது? முதலில் முட்டை, கோழி, மீன், பயறு, கடைசியில் இடமிருந்தால் சோறு என்று தட்டையே தலைகீழாக்க வேண்டியிருந்தது. பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, டீ குடித்த கையோடு இரும்பைப் போட்டாலும் வீண். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும் என்று முதல் ஆறு மாதம் அதற்கும் ஒரு மாத்திரை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் இனிமேல் கூடாது, இந்தக் குழாயில் புண்ணாக்கிவிடும். பாராசிட்டமால் மட்டும்.

இதெல்லாம் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுக்காதது வாயைப் பற்றி.

பசி நிஜமாகவே ஒரு வருடம் காணாமல் போனது. ஆனால் சாயங்காலம் நாலரைக்கு அலுவலகத்தில் கை தானாக மேஜை டிராயருக்குப் போகும். அங்கே மிக்சர் பாக்கெட் இருக்கும், இருபது வருடப் பழக்கம். வயிறு கேட்கவில்லை, கைதான் கேட்டது. கஷ்டம் என்னவென்றால் மிக்சருக்கு இந்த வயிறு தடை போடுவதில்லை. கோழித்துண்டு நாலு சாப்பிட்டால் மூக்கு ஒழுகும். மிக்சரும் முறுக்கும் மொறுமொறு என்று கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், பாக்கெட் காலியாகும்வரை மூக்கு சும்மா இருக்கும். நொறுக்குத் தீனியில் சட்னி கலந்து தருகிற நம் ஊர்க் கரம் கடைப் பக்கம் போனாலும் இதே கதைதான். 76 எப்படி 80 ஆனது என்று இப்போது தெரிந்திருக்கும். டயட்டீஷியன் கேட்டபோது தைராய்டு என்று சொல்லிப் பார்த்தேன். தைராய்டு ரிப்போர்ட் நார்மலாக வந்தது.

வெளியாட்களின் வாய் வேறு. இளைத்த புதிதில் ஒரு கல்யாணத்தில் மூன்று பேர் தனித்தனியாக என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "வூட்டுல என்ன நோவுங்க?" என்று மெதுவாகக் கேட்டார்கள். விஷயம் தெரிந்த பிறகு "காசு குடுத்து எளைச்சவ" என்று பெயர் மாறியது. அதே கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தேன். ஒப்புட்டில் ஒரு விள்ளல், பொரியல் கொஞ்சம், சாம்பார் சாதம் மூன்று வாய். மூக்கு ஆரம்பித்துவிட்டது. பரிமாறுகிற பையன் ரசத்துக்கு வந்து நிற்கிறான், இலையில் மலை மாதிரி சோறு. பக்கத்தில் இருந்த பெரியம்மா, "சோத்தக் கொட்டறதுக்கா கண்ணு உக்காந்த?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் விக்கல். இலையை மூடிவிட்டு எழுந்தேன். இப்போதெல்லாம் பந்திக்கு என் மகளோடு போய் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அவள் இலையில் இருந்து எடுத்துச் சாப்பிடுகிறேன். அவளுக்குப் பதினாலு வயது, வெட்கப்படுகிறாள்.

இரண்டாவது வருடம் நெஞ்செரிச்சல் வந்தது. படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறும். ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு இது வரும், ரொம்ப மோசமானால் இன்னொரு ஆபரேஷன் செய்து இரைப்பை பைபாஸாக (சின்ன இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது) மாற்ற வேண்டியிருக்கும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. எண்டோஸ்கோபி செய்து பார்த்து, அந்த அளவுக்கு இல்லை என்றார்கள். காலையில் ஒரு மாத்திரை, ஏழரைக்குள் ராத்திரிச் சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழே இரண்டு செங்கல். கையிலும் வயிற்றிலும் தொங்குகிற தோல் அப்படியே இருக்கிறது. முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்கிறேன், அதற்கு இன்னொரு ஆபரேஷன் செய்கிற எண்ணம் இல்லை.

போன மாதம் வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் இரும்பு மட்டும் குறைவு. டீ நேரத்தை மாற்றியிருக்கிறேன். டிராயரில் இப்போது வறுத்த கடலை இருக்கிறது, மிக்சரும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

அத்தை இன்னமும் அந்த ஆபரேஷனை மன்னிக்கவில்லை. ஆனால் ராத்திரி எனக்கு அவர்தான் போடுகிறார். சின்னத் தட்டு, ஒரு துண்டு மீன், கடைசல் ஒரு கரண்டி, சோறு அரைக் கரண்டி. போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து என் தட்டைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மூக்கை உறிஞ்சியதும் கையை நீட்டித் தட்டை இழுத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற மீனை அவர் வாயில் போட்டுக்கொள்கிறார்.