பல்லு தூக்கிட்டு வருதா, மூக்கையும் கொஞ்சம் பாருங்க

எங்க அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு, புதுசா முளைச்ச முன்பல் ரெண்டும் தூக்கிட்டு வருது. போனையே பாத்துக்கிட்டு இருந்தா இப்படித்தான்னு வீட்ல எல்லாரும் தீர்ப்பு சொல்லியாச்சு, எங்கம்மா வேற எந்நேரமும் "கழுத்த நீட்டாதடி, நேரா நில்லு"ன்னு ஒரே பாட்டு. ஆனா அவளை கவனிச்சா மோவாயை தூக்கி தலையை லேசா பின்னாடி சாச்சுதான் நிப்பா, வாய் திறந்தே இருக்கும், உதடு காஞ்சு வெடிச்சிருக்கும், ராத்திரி குறட்டை வேற (ஏழு வயசுல குறட்டை விடுறது நார்மல் இல்லைங்க).

மூக்குல காத்து சரியா போகலைன்னா குழந்தை வாயால மூச்சு விட ஆரம்பிக்கும், வழி கொஞ்சம் தாராளமா கிடைக்கணும்னு தலை தானாவே பின்னாடி சாயும். வாய் திறந்திருந்தா நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டாம கீழ இறங்கிடும், மேல் தாடையை உள்ள இருந்து தாங்குறது நாக்கு, வெளிய இருந்து அமுக்குறது கன்னம், நாக்கு இறங்கிட்டா கன்னம் ஜெயிச்சிடும், தாடை குறுகி அண்ணம் கூடாரம் மாதிரி உசந்து, பல்லுக்கு இடம் பத்தாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். இதுபோக 1977ல சோலோவ், கிரைபோர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னது, தலை சாஞ்சே இருந்தா முகத்து தோலும் தசையும் இழுபட்டு தாடை முன்னாடி வளர விடாம தடுக்கும்னு. ஹார்வோல்ட்னு ஒருத்தர் சின்ன குரங்குங்களோட மூக்கை அடைச்சே பாத்திருக்கார், பாவம், பல்வரிசை கெட்டுச்சு, ஆனா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கெடல.

அதனால இதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, பரம்பரையும் இருக்கு, விரல் சூப்புறதும் இருக்கு. ஆனா மூக்கை விட்டுட்டு நேரா நில்லுன்னு கத்துறது வேஸ்ட், நாக்கை மேல ஒட்டினா தாடை மாறிடும்னு ரீல்ஸ்ல வர்றதை நம்பி குழந்தைய படுத்துறது அதைவிட வேஸ்ட்.

இஎன்டி டாக்டர் அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல இருக்கிற சதை) வீங்கியிருக்குன்னார், இப்போதைக்கு மூக்குக்கு ஸ்ப்ரே, குறையலைன்னா ஆபரேஷன் பத்தி பேசலாம்னார். கிளிப் போடணுமாங்கிறதை மூச்சு சரியானப்புறம் பாத்துக்கலாம்னு பல் டாக்டரும் சொல்லிட்டார். எங்கம்மாவுக்கு மட்டும் இன்னும் போன் மேலதான் சந்தேகம்.