பாசிக்குடாவுல நடந்த படகுப் பாதுகாப்பு மாநாட்டுக்குப் போய் வந்த அனுபவம்

மட்டக்களப்பு வாவியில சுற்றுலா வாறாக்கள போட்ல ஏத்திக் காட்டுறதுதான் என்ட தொழில். பாசிக்குடா ஹோட்டல் ஒண்டுல படகுப் பாதுகாப்பு, நீர்ப் பாதுகாப்பு பத்தி மாநாடு நடக்குது, போட் ஓட்டுறாக்களும் வரலாம் எண்டு எங்கட சங்கத்துக்குக் கடிதம் வந்தோடன பேர் குடுத்திட்டன். இப்படி ஒண்டுக்குப் போனா என்ன நடக்கும், எதுக்கு ரெடியா போகணும் எண்டு தம்பிமார் கேக்கிறதால எழுதுறன்.

முதல்ல பதிவு. போர்ம் முழுக்க இங்கிலிஷ், ஆனா அடையாள அட்டை நம்பர், போட் பதிவு நம்பர், சங்கக் கடிதம், இவ்வளவுதான் கேட்டாங்க, பயப்பட ஒண்டுமில்ல. ஒண்ட மட்டும் கவனிங்க, எந்தெந்த செஷனுக்கு வாறீங்க எண்டு போர்ம்லயே கேட்டிருப்பாங்க, ஒரே நேரத்துல வேற வேற ஹோல்ல நடக்கும். தண்ணியில இறங்கிச் செய்ற செஷனுக்கு கொஞ்சப் பேரத்தான் எடுப்பாங்க, அதுதான் முதல்ல நிரம்பும், அத முதலாவதா போடுங்க. மாத்துடுப்பும் துவாயும் கொண்டு போங்க. காலம்பற நடக்கிற பேச்செல்லாம் வழமையான பேச்சுத்தான். தமிழ் மொழிபெயர்ப்பு ஹெட்போன்ல வரும், கடைசி வரிசையில இருந்தா விட்டு விட்டுத்தான் கேக்கும், முன்னுக்குப் போய் இருங்க.

எனக்குப் பெரிய விஷயமா பட்டது ஆள் எப்படி மூழ்குது எண்டு ஒரு லைஃப்காட் வீடியோ போட்டு விளங்கப்படுத்தினதுதான். மூழ்குற ஆள் கத்தாது, கை காட்டாது. வாய் தண்ணி மட்டத்துக்கு மேலயும் கீழயும் போய் வரும், மூச்சு எடுக்கவே நேரம் காணாது எண்டா எப்படிக் கத்துறது? கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணிய அமத்தும், பாக்கிறதுக்கு ஏணியில ஏறுற மாதிரி இருக்கும். 20ல இருந்து 60 செக்கனுக்குள்ள ஆள் கீழ போயிரும். கல்லடிப் பக்கம் கரையில நிண்டு, புள்ளைகள் சும்மா விளையாடுதுகள் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிற ஒவ்வொரு ஆளும் இந்த வீடியோவ ஒருக்காப் பாக்கணும் எண்டு மனசார நினைக்கிறன்.

மறுகா பின்னேரம் ஸ்விம்மிங் பூல். லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டச் சொல்லிட்டு, பயிற்சி தாற மிஸ் ஒவ்வொருத்தருட தோள்ப்பட்டியையும் ரெண்டு கையால பிடிச்சு மேல தூக்கினா. தூக்கேக்க ஜாக்கெட் நாடிக்கு மேல காது வரைக்கும் வந்தா அது தண்ணிக்குள்ள உங்களக் காப்பாத்தாது, கழண்டு தனியா மிதக்கும். அப்படி வந்தாக்கள் நிறையப் பேர், நல்ல நீச்சல்காரங்கள் உட்பட. அதுக்குத்தான் கால் இடுக்கால வாற பட்டி, அத அறுத்து எறியக் கூடாது. ஜாக்கெட்டுக்கு உள்ளுக்க 50, 100, 150 எண்டு நியூட்டன் கணக்கு, அதாவது ஆள எவ்வளவு பலமா மிதக்க வைக்கும் எண்ட கணக்கு, போட்டிருக்கும், 50 நீச்சல் தெரிஞ்சாக்களுக்கு கரை ஓரத்துக்கு மட்டும் போதும், நீச்சல் தெரியாத ஆள ஏத்தினா 100க்குக் குறையக் கூடாது. ஜாக்கெட்ட மடிச்சுப் போட்டு அதுக்கு மேல குந்தி இருந்தா உள்ளுக்க இருக்கிற போம் நசிஞ்சு மிதக்கிற தன்மை குறைஞ்சிரும், எங்கட போட்டுகள்ல தினமும் நடக்கிறது இதுதான்.

எஞ்சினோட வாற சிவப்பு வயரப் பத்தியும் நல்லாச் சொன்னாங்க. ஓட்டுறவர் கையில இல்லாட்டி கால்ல மாட்டியிருந்தா, அவர் விழுந்தோடன எஞ்சின் நிண்டிரும். மாட்டாட்டி போட் வட்டமடிச்சுத் திரும்பி வந்து விழுந்த ஆளையே எஞ்சின்ட காத்தாடியால (புரொப்பெல்லரால) வெட்டும்.

காசில்லாமச் செய்யக்கூடிய விஷயம் ஒண்டும் காட்டினாங்க. அஞ்சு லீட்டர் வெறுங்கேனுக்குள்ள கொஞ்சமாத் தண்ணி விட்டு மூடிய இறுக்கி, பிடியில நைலோன் கயிறு கட்டி எறியிறது. தண்ணி விடாட்டி காத்துக்குப் பறந்து வேற பக்கம் போயிரும், நான் எறிஞ்சு பாத்தன். காப்பாத்தப் போறன் எண்டு வெறுங்கையோட பாயிறதுக்கு முதல் இத எறியணும், ஏனெண்டா பயத்துல கட்டிப் பிடிக்கிற ஆள் ரெண்டு உயிரையும் கொண்டு போயிரும். கரைக்கு எடுத்த பிறகு வயித்த அமத்தித் தண்ணி எடுக்கிற வேலையே வேணாம், மூச்சு இல்லாட்டி முதல்ல வாயால மூச்சுக் குடுக்கணும், அஞ்சு மூச்சு, பிறகு 30 தரம் நெஞ்ச அமத்தி ரெண்டு மூச்சு, இப்படியே விடாமச் செய்யணும், பக்கத்துல நிக்கிறவர் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்கணும்.

கேள்வி நேரத்துல நான் எழும்பினன். அதுவரைக்கும் கதைச்சது முழுக்க கடலும் சுற்றுலாவும்தான், குருமண்வெளியில இருந்து மண்டூருக்குப் போற பாதைய, அதாவது ஆக்கள ஏத்தி வாவியக் கடக்கிற மிதப்புப் படக, ஒருத்தரும் கதைக்கல்ல. மோட்டார்பைக்கோட, பள்ளிக்கூடப் புள்ளைகளோட ஆக்கள் வாவிய அதுலதான் கடக்குறாங்க. 2021 நவம்பர்ல கிண்ணியா குறிஞ்சாக்கேணியில மிதப்புப் பாதை கவிண்டு புள்ளைகள் செத்தது திருகோணமலையில எண்டாலும் தண்ணி ஒரே தண்ணிதான், வாடைக் காத்துக் காலத்துல வாவியும் கடல் மாதிரித்தான் எழும்பும், பாதையில போற புள்ளைகளுக்கு ஜாக்கெட் ஏன் இல்ல எண்டு கேட்டன். மேடையில இருந்தவங்க எழுதி எடுத்தாங்க. தேத்தண்ணி நேரம் அக்கரைப்பத்துப் பக்கத்து அண்ணன் ஒருத்தர் வந்து, எங்கட பக்கமும் இதே கதைதான் தம்பி, சேர்ந்து எழுதுவம் எண்டார். மேடைப் பேச்ச விட இந்தத் தேத்தண்ணி நேரம்தான் பிரயோசனம், அந்த நேரத்துல போன நோண்டிக்கொண்டு இருக்காதீங்க, ஆக்களோட கதைங்க.

வந்து சங்கத்துல சொல்லி, இப்ப எங்கட போட்டுகள்ல கயிறு கட்டின கேன் கிடக்கு. பாதைக்கான கடிதம் எழுதிக்கொண்டு இருக்கம், அதுக்கு விலை விபரம் தேவை. பெரியாக்கள்ட ஜாக்கெட் கடையில கிடைக்குது, ஆனா 20, 30 கிலோ உள்ள புள்ளைகளுக்கு ஏத்த, கால் பட்டியோட வாற ஜாக்கெட் மட்டக்களப்புலயோ கல்முனையிலயோ எங்க வாங்கலாம் எண்டு தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.