உறிஞ்சிப் பழகிய கார்புரேட்டருக்குள் ஊதுவது

டர்போ, அதாவது எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான், வைக்க வேண்டும் என்று எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டர்போவைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். ஸ்விஃப்ட் டீசலில் கழற்றிய கேபி35 என்ற சின்ன டர்போ. "இதை மாட்டிக் குடுத்துருங்கண்ணா, அவ்வளவுதான்" என்பார்கள். மாட்டுவது பெரிய விஷயம் இல்லை. இரும்புக் குழாயை வளைத்து எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் செய்து, ஃபிளாஞ்ச் வைத்து வெல்டிங் அடித்தால் டர்போ உட்கார்ந்துவிடும். வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

நான் சொல்லப்போவது, காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த ஒரு பழைய மாருதி 800 பற்றி. 796 சிசி, மூன்று சிலிண்டர், 40-க்கும் குறைவான குதிரைத்திறன். கோயம்புத்தூரில் இந்த எஞ்சினுக்குத் தனி மரியாதை உண்டு. கரிவரதன் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை இதை வைத்துத்தான் கட்டினார். இந்த வண்டி ரோட்டுக்கு இல்லை, டிராக்கில் மட்டும் ஓட்ட. அதை முதலிலேயே கறாராகப் பேசிக்கொண்டேன். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத மாற்றத்தோடு அவிநாசி ரோட்டில் போய் மாட்டிக்கொண்டால் பட்டறையின் பேரும் சேர்ந்துதான் கெடும்.

வண்டிக்காரத் தம்பி நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். "கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னாடி வெச்சுட்டா ஈசிதானுங்களே?" என்றார். ஈசிதான். 1962-ல் அமெரிக்காவில் செவர்லே கார்வேர் மோன்சா ஸ்பைடரும் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் வந்தது அப்படித்தான். டர்போ கார்புரேட்டர் வழியாக இழுக்கும். கார்புரேட்டருக்குத் தன் வாழ்க்கையில் எதுவும் மாறியதாகவே தெரியாது. ஆனால் பெட்ரோல் கலந்த காற்று டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்குள்ளும் நீளக் குழாய்க்குள்ளும் போகும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்தால் அதற்குள் பெட்ரோல் தேங்கும். எஞ்சினிலிருந்து நெருப்பு பின்னோக்கி வரும் ஒரு பேக்ஃபயர் போதும், எல்லாம் பற்றிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டதும் கம்ப்ரஸர் பக்கம் வெற்றிடம் உண்டாகி, பேரிங்கில் இருக்கும் ஆயிலை சீல் வழியாக இழுத்துவிடும். டீசல் டர்போவின் சீல் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல, டீசலில் காற்று வழியை அடைக்கும் த்ராட்டிலை மூடும் வழக்கமே இல்லையே.

அதனால் டர்போவை முன்னால் வைத்து, கார்புரேட்டருக்குள் ஊதும் முறைக்கே வந்தோம். 1980-களில் லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ, மசெராட்டி பைடர்போ, ரெனோ 5 ஜிடி டர்போ எல்லாம் இந்த வழிதான். இங்கேதான் சிக்கல். கார்புரேட்டரில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும் உறிஞ்சுவதை நம்பிச் செய்தது. பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் சாதாரணக் காற்றழுத்தம், காற்று போகும் குறுகலான வென்சுரியில் அதைவிடக் குறைவு. அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் என்ற சின்னத் துளை வழியாக மேலே தூக்குகிறது. டர்போ 0.4 பார் அழுத்தத்தை மேலிருந்து கொடுத்து, கிண்ணம் மட்டும் வெளிக்காற்றோடு இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பெட்ரோல் மேலே வருவதற்குப் பதில் கிண்ணத்துக்கே திரும்பும். எஞ்சினுக்குக் காற்று அதிகம் வேண்டிய நேரத்தில் பெட்ரோல் இல்லை. பிஸ்டன் உருகுவது இப்படித்தான்.

எனவே கிண்ணத்திலிருந்து வெளியே போகும் வென்ட்டை, அதாவது காற்றுத் துளையை, அடைத்துவிட்டு, உள் வென்ட்டை டர்போ அழுத்தத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். லேத்தில் அலுமினியத் தொப்பி ஒன்று கடைந்து கார்புரேட்டர் தலையில் மூடினோம். அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கவாட்டிலிருந்து வேகமாக வரும் காற்று வென்ட் குழாயின் வாயைக் குறுக்கே கடந்து போனால், அங்கே மட்டும் அழுத்தம் லேசாகக் குறையும். அந்த லேசான குறைவே கலவையில் பெட்ரோலைக் குறைக்க, அதாவது லீன் ஆக்க, போதும். வாயைச் சரிவாக வெட்டி, காற்று வரும் திசையைப் பார்த்துத் திருப்பினோம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் 13-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்த எண் 12-க்குக் கீழ் வந்தது அன்றைக்குத்தான். அதுவரை பெரிய ஜெட்டாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் ஜெட்டைத் திரும்பக் குறைத்தோம்.

அடுத்து பெட்ரோல் பம்ப். கேம் ஷாஃப்ட் தட்டி ஓடும் டயாஃப்ரம் பம்ப் தருவது சுமார் 0.25 பார். கிண்ணத்துக்குள் 0.4 பார் இருக்கும்போது அதனால் ஒரு சொட்டையும் உள்ளே தள்ள முடியாது. இஞ்செக்‌ஷன் வண்டியின் பம்பை அப்படியே போட்டுவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது 3 பார் அடிக்கும், கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பொங்கும். எலெக்ட்ரிக் பம்போடு, டர்போ அழுத்தம் ஏற ஏற அதே அளவு ஏறும் ரெகுலேட்டரும் வேண்டும். அதாவது கிண்ணத்தை விட எப்போதும் 0.25 பார் கூடுதல். இந்த ஒரு சாமானுக்குத்தான் நாங்கள் அதிகம் அலைந்தோம்.

எல்லாம் மாட்டியபின் எஞ்சினை ஓட்டாமலே ஒரு சோதனை செய்வோம். பட்டறைக் கம்ப்ரஸரின் காற்றை 0.4 பாரில் தொப்பிக்குள் விட்டு, கார்புரேட்டர் முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது. த்ராட்டில் ஷாஃப்டின் இரு முனையிலும் நுரை கொத்துக்கொத்தாக வந்தது. பழைய கார்புரேட்டரில் ஷாஃப்ட் தேய்ந்திருக்கும். சாதாரணமாக அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், ஐட்லிங் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். இங்கே அதே இடைவெளி பெட்ரோல் ஆவியை வெளியே பீய்ச்சும், பக்கத்திலேயே சிவக்கச் சுட்ட டர்பைன் வேறு. புது புஷ் அடித்து ஓ-ரிங் போட்டு, நுரை நிற்கும்வரை சாவியைத் தொட விடவில்லை. ஆயில் திரும்பும் ஹோஸ், பிரேக் பூஸ்டர் வால்வு, கிராங்க் கேஸ் வால்வு எல்லாம் வழக்கமான வேலைகள்தான், விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்கிற கம்ப்ரஷன் விஷயத்தில் எனக்கும் லேத்காரருக்கும் வாக்குவாதம். 8.7-ஐ 7.8-க்கு இறக்கினால் 91 ஆக்டேன் பெட்ரோலில் நிம்மதி. 68.5 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் ஹெட்டுக்குக் கீழே கூடுதலாக 1.2 மி.மீ. தகடு போதும். தகடு வைத்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் நெருக்கம் போய் எரிவது மந்தமாகும், கேம் டைமிங்கும் ஒரு நூல் பின்தங்கும் என்பது அவர் கட்சி. பிஸ்டன் தலையைச் சீவுவதைவிட இது மேல் என்று நான் தகடுதான் வைத்தேன். அவர் சொன்னதும் பொய்யில்லை. டர்போ சுற்றாத வேகத்தில் வண்டி முன்பைவிடச் சோம்பலாகத்தான் கிளம்புகிறது.

பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் டயாஃப்ரமுக்குள் டர்போ அழுத்தம் போகாமலிருக்க அதன் குழாயில் ஒருவழி வால்வு வைத்தோம். 0.4 பார் என்பது சுமார் 6 பிஎஸ்ஐ. 1 பிஎஸ்ஐக்கு 1 டிகிரி என்ற பழைய கணக்கில் தீப்பொறி டைமிங்கை 6 டிகிரி குறைத்து, பிளக்கை ஒரு படி குளிர்ச்சியானதாக மாற்றினோம். மத்தியான வெயிலில் நின்ற வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்தது. கிண்ணத்துப் பெட்ரோல் சூட்டில் கொதித்துவிடுகிறது. ரெனோக்காரர்களே இதற்காக கார்புரேட்டரைக் குளிர்விக்க ஒரு ஃபேன் வைத்தார்கள். நாங்களும் அதையே செய்தோம், பாதி சரியானது.

"ஏனுங்கண்ணா, எம்பிஎஃப்ஐ மாத்தியிருந்தா இவ்வளவு பாடு இல்லைங்களே?" என்று தம்பி கடைசியில் கேட்டார். கார்புரேட்டருக்குப் பதில் இஞ்செக்டரால் பெட்ரோலைத் தெளிக்கும் முறையைத்தான் சொன்னார். நிச்சயமாக இல்லை. வேகம்தான் வேண்டும் என்றால் அதுதான் சரியான வழி, நானே அதைத்தான் சொல்வேன். கார்புரேட்டரோடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவர்.

கணக்குப்படி இப்போது 50 குதிரைத்திறனை ஒட்டி இருக்கும். அது அவருக்குப் போதாது, 0.8 பார் வைக்கலாமா என்று இப்போதே கேட்கிறார். கனெக்டிங் ராடு, கிளட்ச், முன் பிரேக் மூன்றையும் மாற்றிவிட்டு வரச் சொன்னேன். டர்போ அழுத்தத்துக்கு எல்லை வைக்கும் ஆக்சுவேட்டரில் டீசலுக்கான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லியதாகப் போட்டிருக்கிறேன். அதன் ராடு நட்டின் மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடும் இழுத்து அனுப்பியிருக்கிறேன், திருகினால் தெரிந்துவிடும்.