மாடியில் பிரண்டை

போன வருஷம் தொட்டியில் ஒரே ஒரு கணுதான் ஊன்றினேன். இந்த மழைக்குக் கம்பிவேலி முழுக்கப் பிரண்டை! நாலு பட்டைத் தண்டு, கணுவுக்குக் கணு மூட்டு போட்ட மாதிரி. எலும்பு முறிவுக்கு இதை அரைத்துப் பற்றுப் போட்டவர்கள் வஜ்ரவல்லி என்று பேர் வைத்ததில் ஆச்சரியமே இல்லை.

காலையில் இளந்தண்டாக ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஓரத்து நாரை உரித்தேன். அப்படியும் விரலிடுக்கில் அரிப்பு. தண்டில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்களின் வேலை அது. நிறம் மாறிச் சுருளும்வரை எண்ணெயில் வதக்கி, உளுந்து, மிளகாய்வற்றல், புளி சேர்த்துத் துவையல் அரைத்தேன். புளியைக் குறைத்தால் தொண்டை நமநமக்கும், கவனம்.

ஒரு வாரமாகப் பசியே இல்லை என்ற அம்மா, சுடுசோற்றில் பிசைந்து இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. கணு வேணுங்கிறவங்க சொல்லுங்க, வெட்டித் தர்றேன்.