மூன்று தளத்துக்கும் வைஃபை: ஏழு மாத அலைச்சலுக்குப் பிறகு கேபிளுக்கு வந்து சேர்ந்தோம்

என் மகள் படிக்கும் அறை இரண்டாவது மாடியில், வாசலுக்கு நேர் எதிர்மூலையில் இருக்கிறது. அவள் மேசை மேல் போனை வைத்துப் பார்த்தபோது நேற்று மைனஸ் 52 டிபிஎம் (சிக்னலின் பலத்தைச் சொல்லும் அலகு) காட்டியது. ஏழு மாதத்துக்கு முன்னால் அதே மேசை, அதே போன், மைனஸ் 84. சுழியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படியென்றால் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். மாடி வீட்டில் இதே தொல்லையில் இருப்பவர்கள் நான் போன சுற்றுவழியில் போகாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. இணைப்பு கொடுக்க வந்தவர், ஃபைபர் உள்ளே நுழைந்த இடத்திலேயே, தரைத்தள ஹாலின் மூலையில் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். மேலே சிக்னல் இல்லை என்று புகார் கொடுத்தால், வந்தவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே வேகத்தைச் சோதித்தார். "300 எம்பிபிஎஸ் வருதே சார், எங்க சைடு சரியா இருக்கு." மாடிக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். ஏறவே இல்லை. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. இரண்டாவது முறை வேறு ஆள், அதே பதில், அதே குறுஞ்செய்தி. பெட்டியை மாடிப்படிப் பக்கம் நகர்த்தித் தரக் கேட்டதற்கு, ஒயர் எட்டாது என்று முடித்துவிட்டார்கள். நாமே பிடித்து இழுக்கக் கூடிய ஒயரும் இல்லை அது. ஃபைபரைச் சட்டென்று மடக்கினால் உள்ளே போகும் ஒளி வெளியே கசியும், உடைந்தும் போகலாம். அதனால் புது இணைப்பு எடுப்பவர்கள் சுவரில் துளை போடும் முன்பே, பெட்டி எங்கே வரவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ஐந்து நிமிடம் நின்று பேசியிருந்தால் எனக்குப் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

அப்புறம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஆறு ஆன்டெனா உள்ள பெரிய ரூட்டர் வாங்கினேன். தரைத்தளத்தில் வேகம் கூடியது. இரண்டாவது மாடியில் 84 என்பது 81 ஆனது, அவ்வளவுதான். ரூட்டர் எவ்வளவு சக்தியோடு அலை அனுப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. ஆன்டெனா ஆறு இருப்பதால் அந்த வரம்பு தாண்டாது. அது போகட்டும், ரூட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் கீழே கேட்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டியது போன். போனின் குரல் சின்னது. இந்த ஒரு விஷயம் முன்பே புரிந்திருந்தால் அந்த ரூட்டரை வாங்கியே இருக்க மாட்டேன். அதில் கிடைத்த ஒரே பலன்: நேராக நிற்கும் ஆன்டெனாவின் அலை பக்கவாட்டில்தான் நன்றாகப் பரவும், அதன் நுனிக்கு நேர் மேலே மிகவும் குறைவு. இரண்டு ஆன்டெனாவைப் படுக்கவைத்ததும் முதல் மாடியில் 5, 6 புள்ளி ஏறியது. காசு செலவில்லாத வேலை, செய்து பாருங்கள்.

அடுத்தது ரிப்பீட்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சின்னப் பெட்டி. சிக்னல் இல்லாத அறையில்தானே வைக்க வேண்டும் என்று மகளின் மேசைக்குப் பக்கத்திலேயே செருகினேன். போனில் எல்லாக் கோடும் நிறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வேகம் பார்த்தால் 11. போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவிலுள்ள சிக்னலைத்தான் சொல்கின்றன. ரிப்பீட்டருக்குக் கீழிருந்து என்ன வந்து சேர்கிறது என்பதை அவை சொல்வதில்லை. தானே அரைகுறையாகக் கேட்பதை அது எப்படித் தெளிவாகத் திருப்பிச் சொல்லும்? அதுவும் ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு ஒரு தடவை வாங்கி, இன்னொரு தடவை அனுப்பும் வகை என்றால், வருகிற வேகமும் பாதியாகிவிடும். ரிப்பீட்டர் வைத்தே ஆகவேண்டும் என்றால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற பாதிவழியில் வையுங்கள்.

மூன்றாவதாக மெஷ், அதாவது தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபையாக ஓடும் பெட்டிகள், தளத்துக்கு ஒன்றாக மூன்று. முதல் மாடி உடனே சரியானது. இரண்டாவது மாடியில் பகலில் ஓடியது, சாயங்காலம் மகளுக்கு வீடியோ வகுப்பு ஆரம்பித்தால் உறைந்து நின்றது. அதன் செயலியோ பச்சைக் கோடு போட்டு 'நல்ல இணைப்பு' என்றே காட்டிக்கொண்டிருந்தது. மெஷ் பெட்டிகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதும் கம்பியில்லாமல்தான், அந்தப் பேச்சும் இரண்டு கான்கிரீட் தளத்தைத் துளைத்துத்தான் போகவேண்டும்.

இதற்கெல்லாம் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மூன்று தாளில் மூன்று தளத்தையும் வரைந்து, போனில் சிக்னல் காட்டும் செயலியைப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் கட்டில், மேசை, நாற்காலி இருக்கும் இடத்தில் நின்று எண்ணை எழுதினேன். எல்லாக் கதவையும் சாத்திவிட்டுத்தான் எழுதினேன், ஏனென்றால் நாம் இருப்பது அப்படித்தான். முதல் சுற்று வீணாகிவிட்டது. ஆண்ட்ராய்டு 9 முதல், ஒரு செயலி இரண்டு நிமிடத்துக்கு நாலு முறைக்கு மேல் வைஃபையைத் தேட முடியாது. நான் வேகமாக நடந்து நடந்து எழுதிய எண்களில் பல, முந்தைய அறையின் பழைய எண்கள். போன் செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இந்தத் தடையை அணைக்க ஒரு வழி இருக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி மூன்று தளமும் ஏறி இறங்கினேன்.

அந்தத் தாள்களில் எல்லாம் தெரிந்துவிட்டது. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு செங்கல் சுவருக்கு 5 கிகாஹெர்ட்ஸில் 6, 7 புள்ளி போகிறது. மாடித் தளத்துக்கு, அந்தக் கான்கிரீட்டும் உள்ளேயிருக்கும் கம்பிவலையும் சேர்ந்து, 22 போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 14. முதல் மாடியில் ஓர் அறை மட்டும் காரணமே இல்லாமல் இருட்டாகக் கிடந்தது. பார்த்தால் சுவரை அடைத்து நிற்கும் இரும்பு பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. உலோகமும் கண்ணாடிக்குப் பின்னால் பூசிய பூச்சும் அலையைத் திருப்பி அடித்துவிடும். மாடிப்படி ஓரத்தில் மட்டும் மேலே வரைக்கும் எண் நன்றாக இருந்தது, அங்கே குறுக்கே தளம் இல்லை. வீடியோ பேசுவதற்கு மைனஸ் 67 வரை இருந்தால் போதும் என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதைத் தாளில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுப் பார்த்ததும், தளத்துக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டி), ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள், வேறு வழியே இல்லை என்று முடிவு செய்தேன்.

கேபிள் வாங்கியதில் ஒரு நாள் போனது. சுருளின் மேல் கேட் 6 என்று நெட்வொர்க் கேபிளின் தரம் பெரிதாக அச்சடித்திருந்தது, தூக்கினால் லேசாக இருந்தது. ஒரு நுனியை உரித்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி அது. இதில் மின்சாரத்தையும் சேர்த்து மாடிக்கு அனுப்பப் போகிறோம், எதிர்ப்பு அதிகம், மடக்கினால் ஒடியும். திருப்பிக் கொடுத்துவிட்டு முழுச் செம்பு வாங்கினேன். நல்ல செம்பு எவ்வளவு சுரண்டினாலும் உள்ளேயும் அதே நிறம்தான். ஒரு வீட்டுக்குள் கேட் 5இ கூடப் போதும், 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் போகும். ஆனால் செம்பாக இருக்கட்டும்.

சுவரை உடைக்காமல் தப்பித்தது பழைய டிவி கேபிள் குழாயால். மொட்டைமாடியிலிருந்து ஹால் வரை ஒரு குழாய், உள்ளே யாருக்கும் வேண்டாத பழைய ஒயர். கரண்ட் ஒயர் போகும் குழாயில் இதை விடக் கூடாது என்பதால் இந்தக் குழாய் எங்களுக்குப் புதையல். எலக்ட்ரீசியன் புதுக் கேபிளைப் பழைய ஒயரின் வாலில் கட்டி மேலேயிருந்து இழுத்தார். முதல் மாடி வளைவில் முடிச்சு மாட்டிக்கொண்டது. "லேசா இழுங்க அண்ணே" என்று நான் கீழேயிருந்து சொல்லி முடிப்பதற்குள் பழைய ஒயர் மட்டும் தனியாக அவர் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நைலான் கம்பியை விட்டு அந்த வளைவைத் தாண்ட மூன்று மணி நேரம். கட்டும்போது முடிச்சு குண்டாக இருக்கக் கூடாது. ஒயர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற இறக்கமாக வைத்து, கூம்பு மாதிரி வழவழப்பாக டேப் சுற்ற வேண்டும். இழுக்கும்போதே ஓர் உபரிக் கேபிளையும் ஒரு நைலான் கயிற்றையும் கூடவே விட்டுவிடுங்கள். நாங்கள் இரண்டாவது முயற்சியில் அப்படித்தான் செய்தோம்.

எல்லாம் மாட்டி முடித்து, மகளின் மேசையில் வேகம் பார்த்தேன். 94. மறுபடி 94. இன்னொரு முறை, 93. "லைட் எரியுது சார், லைன் ஓகே" என்றார் எலக்ட்ரீசியன். எனக்கு அந்த 94 உறுத்தியது. சிக்னல் பிரச்சினை என்றால் எண் ஏறி இறங்கும், இப்படி ஒரே இடத்தில் நிற்காது. ஆக்சஸ் பாயின்ட்டின் பக்கத்தைத் திறந்தால், கேபிள் இணைப்பு 100 என்று காட்டியது. கேபிளுக்குள் எட்டு ஒயர், நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். அந்த இரண்டு ஜோடி தவிர மற்றதில் ஒன்று வரவில்லை என்றால் விளக்கு எரியும், இணையம் வரும், ஆனால் 94க்கு மேல் ஏறாது.

கண்ணாடி மாதிரித் தெரியும் அந்தச் சின்ன பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏழு ஒயர் தங்க நிறத் தகடுகளுக்கு அடியில் முட்டி நின்றன. ஓரத்திலிருந்த பழுப்பு மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குட்டை, தகடு அதன் மேல் இறங்கவே இல்லை. வெட்டிப் போட்டுவிட்டுப் புது பிளக். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவில் நீலம் வருவது தப்பு போலத் தெரியும், அதுதான் சரி. அழகாக இருக்கிறதே என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிடாதீர்கள். இந்த முறை சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். 291. அன்றைக்கு என் வீட்டில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. மின்சாரம் கேபிள் வழியாகவே போகிறது. சுவிட்சும் (கேபிள்களை எல்லாம் சேர்த்து மாட்டும் நெட்வொர்க் பெட்டி) ஆக்சஸ் பாயின்ட்டும் மின்சாரம் அனுப்புவதில் ஒரே தரமா என்று வாங்கும் முன் பாருங்கள், 802.3ஏஎஃப் என்றால் போர்ட்டுக்கு 15.4 வாட், ஏடி என்றால் 30. பெரிய ரூட்டரின் வைஃபையை அணைத்தேன். 2.4இல் மூன்று தளத்துக்கும் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல் (அலைவரிசையின் உட்பிரிவு). 5இல் மேல் மாடிக்கு முதலில் 52 கொடுத்தேன். ரேடாருக்கும் பொதுவான சேனல் அது, ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்தாலும் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டபிறகே பேசத் தொடங்குகிறது. அந்த ஒரு நிமிடம் வைஃபை போய்விட்டதென்று வீட்டில் கூச்சல். நடுவில் இரண்டு தளம் இருக்கிறதே என்று கீழே கொடுத்த 36ஐயே மேலேயும் கொடுத்தேன், ஒன்றோடொன்று மோதவில்லை.

ஒரு தொல்லை மட்டும் இரண்டு வாரம் நீடித்தது. கீழேயிருந்து மேலே போனாலும் போன் தரைத்தள ஆக்சஸ் பாயின்ட்டையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், ரூட்டர் இல்லை. மூன்றும் முழுச் சக்தியில் ஓடினால் போனுக்கு விட மனசு வராது. சக்தியை நடுத்தரத்துக்கும், 2.4இல் குறைந்த அளவுக்கும் இறக்கியதும் படியேறும்போதே மாறிக்கொள்கிறது, பேச்சு அறுவதில்லை. சிக்னலைக் குறைத்ததால் வைஃபை நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னால் என் மனைவி இன்னும் நம்பவில்லை.

மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் மைனஸ் 73. அதை அப்படியே விட்டுவிட்டேன். சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் அந்த மூன்று தாளையும், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற குறிப்பையும் ஒட்டியிருக்கிறேன். உபரிக் கேபிளின் நுனி சுருட்டி டேப் ஒட்டி, 'மாடி 2' என்று எழுதி, அதே பெட்டிக்குள் இருக்கிறது.